ஜீப்பு நிறையும் வரை

அந்த ஆசாமி மூன்றாவது தடவையாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கெங்கம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். புளியமரத்தடியில் ஜீப்புக்காகக் காத்திருந்த கூட்டத்தை அவர் ஓரமாக நின்று விரல் மடக்கி எண்ணினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சின்ன நோட்டில் எதையோ குறித்தார். பென்சில் மறுபடி காதுக்குப் போயிற்று. சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் மஞ்சள் பை. மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த எவனும் நல்லது செய்ய வந்ததில்லை என்பது கெங்கம்மாளின் கட்சி.

சந்தேகம் அவளுக்குக் கூடப்பிறந்தது. புதுத் தீப்பெட்டி வாங்கினால் குச்சிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முதல் குச்சியைக் கிழிப்பாள். மழை பெய்தால்கூட, ‘இப்ப இன்னாத்துக்குப் பெய்யுது’ என்று வானத்தை ஒருதரம் முறைத்துப் பார்ப்பாள். ஆனால் இந்தத் தடவை அவள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. மலைக்கு பஸ் விடப்போகிறார்கள் என்று ஆறு மாதமாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

பஸ் வந்தால் நல்லதுதானே என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்கலாம். அந்த எழுபத்தொன்பதாம் வருஷத்தில் அந்தப் பக்கத்து ஜனங்கள் திருப்பத்தூருக்கு இறங்கப் பாண்டுரங்கனின் ஜீப்பைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த ஜீப்புக்கு நேரம் காலம் கிடையாது. நிறைந்தால் கிளம்பும். நிறைவது என்றால் உள்ளே பன்னிரண்டு, முன்னால் பானெட்டின்மேல் இரண்டு, பின்னால் தொங்க நாலு, கூரையில் புளி மூட்டை. அதுவரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவன் டீ குடிப்பான். வண்டி இன்னும் நிறையவில்லை என்றால் இன்னொரு டீ குடிப்பான். ஆக, ஜீப்பு நிறையாத நேரமெல்லாம் கெங்கம்மாளின் பிழைப்பு. பஸ் வந்துவிட்டால் எட்டரை மணி என்றால் எட்டரைக்கு வந்து ஏறிப் போய்விடுவார்கள். அப்புறம் டீயாவது ஒன்றாவது.

கடை போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் அவளால் முடியாது. கடை போனால் கூடவே தீர்த்தகிரியும் போய்விடுவான்.

மலையில் சாமை விளைந்தால் சோறு. புளியும் கடுக்காயும் விற்றால் துணி. மற்றதுக்கெல்லாம் குடகுக் காப்பித் தோட்டம்தான். அவள் புருஷன் தீர்த்தகிரி அறுப்பு முடிந்ததும் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரி ஏறுவான். வெயில் காலத்தில் இளைத்துக் கறுத்து, இருமலோடு திரும்புவான். இப்படியே ஐந்து வருஷம். இந்தக் கடை போட்ட பிறகுதான் மனுஷன் மூன்று வருஷமாக வீட்டில் தங்கினான். தகரப் பெட்டி பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. அது கண்ணில் படும்போதெல்லாம் கெங்கம்மாள் காலால் இன்னும் உள்ளே தள்ளுவாள். எதிர்மனைக்காரி மங்கம்மாள் அதைத் துணி வைக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிடிக்காத பெட்டிதான் என்றாலும், நாளைக்கு எப்படியோ என்று பயந்து கெங்கம்மாள் தராமல் இருந்தாள்.

ஆசாமி இப்போது எண்ணுவதை விட்டுவிட்டு, எதிரே மங்கம்மாளின் காலி மனையில் இறங்கினார். மங்கம்மாள் மகள் பிரசவத்துக்காக ஒடுகத்தூர் போய்ப் பத்து நாளாகிறது. ஏன் என்று கேட்க ஆளில்லை. அவர் பையிலிருந்து டேப் எடுத்து நிலத்தை அளக்க ஆரம்பித்தார். டேப் மிகவும் சின்னது. ஓர் எட்டு அளப்பதும், கல் வைப்பதும், மறுபடி அளப்பதுமாகக் குனிந்து குனிந்து நிமிர்ந்தார்.

“பஸ்சு திரும்பறதுக்கு எடம் பாக்கறான்,” என்றாள் கெங்கம்மாள்.

“இம்மாஞ் சின்ன டேப்புலயா?” என்று கேட்டான் தீர்த்தகிரி.

“பெரிய டேப்ப பெரிய ஆபீசருங்க வெச்சிக்குவாங்க. உங்களுக்கு இன்னா தெரியும்?”

அவள் நேரே பாண்டுரங்கனிடம் போனாள். அவன் பானெட்டில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். விஷயத்தைக் காதில் போட்டாள். கூட்டம் இருந்தால்தானே பஸ் விடுவார்கள், கூட்டமே இல்லை என்று எழுதிக்கொண்டு போகட்டும், இப்போது நிற்கிறவர்களை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பு என்றாள். நின்றதோ ஒன்பது பேர். ஒன்பது பேரோடு வண்டி எடுப்பது பாண்டுரங்கனுக்கு வேட்டி இல்லாமல் தெருவில் நடப்பது மாதிரி. அவன் மாட்டேன் என்றான். பஸ் வந்தால் அவன் ஜீப்பில் கோழிதான் அடையும் என்பதை அவள் விளக்கினாள். ஒரு வாரத்துக்கு இட்லி இலவசம் என்றும் சொன்னாள். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

புளியமரத்தடி காலியாயிற்று. ஆசாமி தலை நிமிர்ந்து பார்த்துத் திகைத்தது கெங்கம்மாளுக்குத் திருப்தியாக இருந்தது.

திருப்தி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. பாதி காலியாக ஜீப்பு இறங்கிப் போனதை வழியெல்லாம் ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். அப்படி ஓர் அதிசயத்தை யாரும் கண்டதில்லை. பாண்டுரங்கனுக்குப் புத்தி வந்துவிட்டது, இனிமேல் போய் நின்றதும் வண்டி எடுக்கிறான், உட்கார்ந்தே போகலாம் என்று ஊருக்கு ஊர் சேதி பறந்தது. சனிக்கிழமைச் சந்தைக்கு என்று வைத்திருந்த புளியை வியாழக்கிழமையே தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் மரத்தடியில் அறுபது பேர்.

ஆசாமி நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

கெங்கம்மாள் கூட்டத்துக்குள் புகுந்தாள். அந்த ஆள் பஸ்காரன், பஸ் வந்தால் மூட்டைக்குத் தனிச் சீட்டு, கோழிக்குத் தனிச் சீட்டு, வெற்றிலை துப்பினால் பாதி வழியில் இறக்கிவிடுவான் என்று அடுக்கினாள். அவர் கேட்டால் யாரும் ஊருக்குப் போவதாகச் சொல்லக்கூடாது என்று எச்சரித்தாள். கோழி வைத்திருந்தவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களையும் அவர்களே ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

ஆசாமி முதலில் பிடித்தது கருப்பனை. ஐம்பது வயசு, தலையில் புளி மூட்டை.

“எங்க கெளம்பிட்டீங்க பெரியவரே?”

“எங்கியும் போவலிங்க.”

“அப்ப தலைல மூட்டை?”

கருப்பன் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். “தெனமும் கொஞ்ச நேரம் இப்டி வெச்சிக்கினு நிப்பேங்க.”

ஆசாமியின் கண் கருப்பனின் சட்டைத் தோளில் இருந்த கிழிசலுக்குப் போயிற்று. தையலை விரலால் தடவிக்கூடப் பார்த்தார். டிக்கெட் வாங்க வக்கு இருக்கிறதா என்று சோதிக்கிறான் என்று நினைத்தாள் கெங்கம்மாள்.

“இந்தச் சட்டை எங்க எடுத்தீங்க? திருப்பத்தூர்லயா?”

இது பொறி என்பது கருப்பனுக்குப் புரிந்துவிட்டது. திருப்பத்தூர் என்றால் திருப்பத்தூர் போனதாக ஆகிவிடும். அவர் கெங்கம்மாளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“இது எம் மாமனாரு சட்டைங்க.”

“அவரு எங்க எடுத்தாரு?”

“அவரு செத்துட்டாருங்க.”

ஆசாமி பெருமூச்சு விட்டு அதையும் எழுதிக்கொண்டார். இன்னும் ஏழெட்டுப் பேரிடம் கேட்டார். ஒருத்தரும் எங்கும் போகவில்லை. ஒருத்தரும் எங்கும் எதுவும் வாங்கியதில்லை. கோழி வைத்திருந்த ஒரு அம்மாள், கோழிக்குக் காற்று வாங்க வந்ததாகச் சொன்னாள். ஆசாமியின் முகம் வாடியது. நோட்டை மூடிக்கொண்டு கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, இத்தினி பேரு நிக்கறாங்க. சந்தைக்குப் போவலங்கறாங்க. துணிமணி வாங்கற பழக்கமும் இல்ல போல. அப்ப இன்னாத்துக்குத்தான் இங்க வர்றாங்க?”

கெங்கம்மாள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“டீ குடிக்க.”

“டீ குடிக்கவா? இவங்க எல்லாருமா?”

“எல்லாருந்தான்.”

சொன்ன பிறகு காட்டித்தானே ஆகவேண்டும்? ஆசாமி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கெங்கம்மாளைப் பார்த்தது. அவள் கையைக் காட்டி எல்லாரையும் கூப்பிட்டாள். காசு வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். கண்ணால் சொன்னது கடைசியில் நின்றவனுக்கும் தெளிவாகப் புரிந்தது.

கடையில் இருந்தது பதினாலு கிளாஸ். தீர்த்தகிரி கழுவிக் கழுவிக் கொடுத்தான். முதல் சுற்றிலேயே பால் தீர்ந்தது. இரண்டாவது சுற்றுக்கு எங்கிருந்தோ ஆட்டுப் பால் வந்தது. மூன்றாவது சுற்றில் வெல்லம் போட்ட கறுப்புத் தண்ணீர்தான். இலவசம் என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை. நாலாவது சுற்று உண்டா என்றுதான் கேட்டார்கள். மூட்டையை இறக்காமலே குடித்த கருப்பன் நன்றி மிகுதியில் ஆசாமியிடம் போய், நெல்லிவாசலிலிருந்து இந்த டீக்கோசரம் தினமும் நடந்து வருவதாகத் தானாகவே சொன்னார்.

ஆசாமியின் முகம் மெல்ல மலர்ந்தது. பென்சில் காதிலிருந்து இறங்கியது.

“ஒரு நாளைக்கு எத்தினி டீ போவும்மா?”

சந்தை நாளிலேயே நாற்பது தாண்டாது. ஆனால் நாற்பது என்றால் மீதிப் பேர் எதற்கு நிற்கிறார்கள் என்று கேட்பான். கெங்கம்மாள் யோசித்துப் பார்த்துச் சொன்னாள். “எரநூறு.”

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த தீர்த்தகிரிக்கு இருமல் வந்தது.

“மழ நாள்ல?”

“முந்நூறு.”

“பக்கத்துல வேற கடை?”

“கெடையாது. பாதிப் பேரு எடமில்லாம திரும்பிப் போறாங்க. இன்னும் ரெண்டு கடை இருந்தாலும் பத்தாது சார்,” என்றாள். ஒரு பொய்யைச் சொன்னால் தண்ணீர் புகாமல் சொல்ல வேண்டும் என்பது அவள் கொள்கை. மேலும் உறுதிக்காக, “இவங்களுக்கு பஸ்சு கிஸ்சு ஒண்ணுமே வாணாம்,” என்றும் சேர்த்தாள்.

“பஸ்சு எதுக்கும்மா? உக்கார நாலு பெஞ்சு இருந்தா போதும்,” என்றார் ஆசாமி எழுதிக்கொண்டே.

கெங்கம்மாளுக்கு மனசு குளிர்ந்தது.

ஜீப்பு மேலே வந்து நின்றது. கீழே போகவேண்டிய ஆசாமி ஏறி உட்கார்ந்தார். அறுபது பேரும் அசையவில்லை. எங்கும் போகவில்லை என்று அவர் எதிரிலேயே சொல்லியாகிவிட்டது, எப்படி ஏறுவது? பாண்டுரங்கன் ஹாரன் அடித்துப் பார்த்தான். கூட்டம் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் ஒரே ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். போகும்போது கெங்கம்மாளைப் பார்த்த பார்வையில், ஒரு வாரத்து இட்லி ஒரு மாதத்து இட்லியாகிவிட்டது தெரிந்தது.

ஒரு மாதத்துக்கு வாங்கிய தேயிலைத்தூள் ஒரே பகலில் காலி. போதாக்குறைக்கு மறுநாளும் பலபேர் கிளாசை நீட்டினார்கள். அவர்களைத் திட்டித் துரத்துவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் அவள் கவலைப்படவில்லை. பஸ் வராது. அந்த நோட்டில் அவர் எழுதிக்கொண்டு போனதைத் தன் கண்ணால் பார்த்தாள். தீர்த்தகிரி வெளியில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றபோது அவளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. இனி இந்த மனுஷன் எங்கும் போக வேண்டாம்.

எட்டாம் நாள் மங்கம்மாள் பேத்தியைப் பார்த்த பூரிப்போடு ஒடுகத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். கெங்கம்மாள் அவளை உட்காரக்கூட விடவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். குடகு மண் இன்னும் மூலையில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து மங்கம்மாளின் கையில் கொடுத்தாள்.

“எடுத்துக்கினு போக்கா. எங்களுக்கு இனிமே இது தேவையில்ல. எங்கூட்டுக்காரரு இனிமே குடகுக்குப் போவ மாட்டாரு.”

தீர்த்தகிரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். மூன்று வருஷமாகக் கேட்டும் கிடைக்காத பெட்டி கேட்காமலே கிடைத்ததும் மங்கம்மாள் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூடியைத் திறந்து பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த தன் மனையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

“மவராசியா இருடி கெங்கம்மா,” என்றாள் அவள். “இத நான் அந்த டெய்லரு சந்தியாகப்பனுக்கே குடுத்துடறேன், தேத்தூளு கொட்டி வெக்க ஆவும், எம் மனையில தையக்கடை போடலாம்னு அளந்து பாத்துட்டு ஒடுகத்தூருக்கு என்னத் தேடி வந்த மனுசன், இங்க தெனமும் எரநூறு டீ போவுதுன்னு நீ சொன்னத கேட்டுட்டு, இருந்த மிஷினயும் வித்து டீக்கடையே வெக்கறாரு.”