மல்லிகைக்குக் குளுக்கோஸ் ஏற்றியவர்

வாசகர்களே, இன்று நாம் பார்க்கப்போகும் பிராணிக்குச் 'சின்ன மாற்றக்காரர்' என்று பெயர். கொம்பு கிடையாது, வால் கிடையாது, நம்மைப் போலவே காலையில் எழுந்து காபி குடிக்கும். குடித்து முடித்ததும் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். பிறகு காபி போட்டுக் கொடுத்த அந்த அப்பாவிப் பெண்மணியிடம், "எல்லாம் சரிதான். இதுல ஒரே ஒரு சின்ன மாத்தம் மட்டும் செஞ்சோம்னு வையி..." என்று ஆரம்பிக்கும். அவ்வளவுதான். மறுநாள் முதல் அந்த வீட்டில் காபி இருக்காது. காபியில் சுக்கு, சுக்கோடு மிளகு, மிளகோடு பெயர் தெரியாத ஒரு வேர் என்று சேர்ந்து கடைசியில் மாட்டுக்குக் கூடக் கொடுக்க முடியாத ஒரு கஷாயம்தான் இருக்கும்.

அவரை அடையாளம் காண்பது எளிது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி இருக்கும். இடுப்பு மடிப்பில் கட்டுக்கம்பி. சைக்கிள் ஹேண்டிலில் எப்போதும் ஒரு கிழிந்த டியூப் துண்டு, ஏனென்றால் உலகத்தில் டியூப் துண்டால் கட்ட முடியாத பொருளே இல்லை என்பது அவருடைய வேதம். கெட்டுப்போன பொருளைக் கண்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டால்தான் கண்கள் பளபளக்கும், விரல்கள் துடிக்கும். நன்றாக ஓடுவதை அப்படியே விட்டுவிட அவர் என்ன கல்நெஞ்சக்காரரா?

பட்டணத்தில் பிறந்த சின்ன மாற்றக்காரர்கள் மின்விசிறியோடும் தண்ணீர்க் குழாயோடும் அடங்கிவிடுகிறார்கள். அவரே விவசாயியாகப் பிறந்துவிட்டால்? காடும் மேடும் ஆடும் மாடும் அவர் கையில் சிக்கினால்?

ராயப்பராஜைப் பாருங்கள். கொடைரோட்டுக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் முந்நூறு மல்லிச் செடிகளுக்குச் சொந்தக்காரர். மாட்டு வண்டிக்கு பஸ் ஹாரன் பொருத்தி, அது அடித்த அடியில் சொந்த மாட்டையே மிரள வைத்தவர். கோழிக்கூண்டுக்குத் தானாக மூடும் கதவு செய்தவர். கதவு என்னவோ தானாக மூடியது, கோழிகள் எல்லாம் வெளியே இருக்கும்போது. கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால், ஊரும் உறவும் பார்த்திருக்க, மணமாலையின் முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார். பாதர் ஜெபப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். மணப்பெண் சகாயசெல்விக்கு அந்த நிமிடமே தன் எதிர்காலம் முழுவதும் தெரிந்துவிட்டது. பாவம், அதற்குள் காலம் கடந்திருந்தது.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில்தான் வந்து சேர்ந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கோடை.

அந்தக் கோடையை நான் எந்த மை தொட்டு எழுதுவேன்! வானம் சுத்தமாகக் கழுவிவைத்த தட்டுப் போல இருந்தது. கிணற்றில் விடியற்காலையில் பத்துப் பதினைந்து குடம் ஊறும். அதை இறைத்து வாய்க்காலில் விட்டால் முதல் பாத்தியைத் தாண்டுவதற்குள் மண் குடித்துவிடும். பக்கத்துத் தெருவில் மூன்று குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டன. ஒருநாள் சகாயசெல்வி பரண்மீது இருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள்.

"இந்தாங்க, இப்பவே சொல்லிப்புட்டேன். இந்த முந்நூறு செடியும் உசிரோட இருக்குற வரைக்கும் நாம இங்கன இருப்போம். செத்துச்சுன்னா நானும் திருப்பூருக்கு பஸ் ஏறிருவேன். நீங்க வாரதும் வராததும் உங்க இஷ்டம்."

ராயப்பராஜ் பெட்டியைப் பார்த்தார். "இதுல காத்து போக ஓட்டையே இல்லையே" என்றார்.

அந்த வாரம்தான் அவருடைய மாமனாரைத் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போன மருமகன், கட்டிலருகே உட்கார்ந்து, மாமனார் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்தார். சொட்டு. சொட்டு. சொட்டு. ஒரு துளி சிந்தாமல், ஒரு துளி வீணாகாமல், நேராக நரம்புக்குள்! கண்ணில் நீர் தளும்ப எழுந்து நின்றார். மாமனார் தன்மேல் உள்ள பாசம் என்று நினைத்து நெகிழ்ந்து கையை நீட்டினார். மருமகன் அந்தக் கையைத் தாண்டிப் போய் டியூபைப் பிடித்துப் பார்த்தார்.

"செல்வி, மாப்ள என்னையப் பாக்க வந்தாரா, பாட்டிலப் பாக்க வந்தாரா?" என்று அந்த மனிதர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அங்கிருந்து நேராகப் பேகம்பூர். முனீர் பாயின் பழைய சாமான் கடை.

"பாய், குளுக்கோஸ் பாட்டில் இருக்கா? டியூபோட வேணும்."

"இருக்கே. எத்தனை?"

"முந்நூறு."

"யா அல்லா! ஊர்ல என்னப்பா, காலராவா?"

"மல்லிச் செடிக்கு பாய்."

முனீர் பாய் கடைப் பையனிடம் விசிறியை அவர் பக்கம் திருப்பச் சொன்னார்.

மறுவாரம் ராயப்பராஜின் தோட்டம் பெரியாஸ்பத்திரி ஆகிவிட்டது. செடிக்கு ஒரு குச்சி, குச்சிக்கு ஒரு பாட்டில், வெந்நீரில் கழுவிய பாட்டிலிலிருந்து வேருக்கு ஒரு டியூப். காலையும் மாலையும் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து வருவார்; நின்று ஒரு டியூபைச் சுண்டுவார்; தலையாட்டுவார். அடுத்த தோட்டத்து ஒச்சாயி வேலியருகே நின்று கூப்பிட்டாள்.

"ஏப்பா ராயப்பா! சும்மா பாக்க வரலாமா, இல்ல ஆர்லிக்ஸ் வாங்கிட்டு வரணுமா?"

ஊரே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் செடி துளிர்த்துவிட்டது!

ஆமாம், துளிர்த்துவிட்டது. வாய்க்காலில் விட்டால் ஒரு பாத்திக்குப் பற்றாத அதே தண்ணீரில் முந்நூறு செடிகளும் நிமிர்ந்து நின்றன. சகாயசெல்வி அன்றைக்குத் தகரப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் முதல்முறையாகக் கணவரைப் பார்த்துப் பெருமையோடு சிரித்தாள். இத்தோடு கதையை முடித்துவிட எனக்கு ஆசைதான். முடிக்க விடுவாரா அவர்?

இடையில் ஒரு விசித்திரம் நடந்தது. ஒச்சாயியின் தோட்டம் முழுக்கத் திடீரென்று குச்சிகள் முளைத்தன. ஒவ்வொரு குச்சியிலும் பழைய சேலைத் துண்டுகள் முக்காடு போட்டிருந்தன. அதற்கடுத்த கருப்பணன் தோட்டத்தில் சாக்குத் துணி முக்காடு.

"என்னக்கா இது?" என்றார் ராயப்பராஜ்.

"மயிலு வருதுப்பா. அத வெரட்ட."

"எல்லாம் சரிதான். இதுல ஒரு சின்ன மாத்தம்... ஒவ்வொண்ணுலயும் ஒரு மணியக் கட்டிவிட்டா?"

"அய்யோ வேணாஞ்சாமி! மணிச் சத்தத்துக்கு மயிலு ஆட ஆரம்பிச்சிரும்."

அவர் தலை தெரிந்தாலே அந்தப் பக்கத்தில் யாராவது விசிலடிப்பதையும், அத்தனை பேரும் குடுகுடுவென்று தோட்டத்துக்குள் ஓடுவதையும் அவர் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்? மனதுக்குள் அடுத்த மாற்றம் ஊறிக்கொண்டிருந்ததே!

"வெறுந்தண்ணிக்கே இம்புட்டு நல்லா இருக்குன்னா, சத்துள்ள தண்ணி ஏத்துனா எப்பிடி இருக்கும்?"

"நல்லாத்தானே இருக்கு, விட்டுருங்களேன்" என்றாள் சகாயசெல்வி.

"அதத்தான் நானும் சொல்றேன். நல்லா இருக்குல்ல?"



அப்போதெல்லாம் ஊர் ஊராகப் பஞ்சகவ்யம் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. சாணம், கோமியம், பால், தயிர், நெய். அதோடு வெல்லமும் வாழைப்பழமும். செடிக்கு நல்ல மருந்துதான், அளவாகத் தண்ணீர் சேர்த்துத் தெளித்தால். ராயப்பராஜ் அதைப் பாட்டிலில் ஏற்றினார். டியூப் அடைத்தது. வடிகட்டி ஏற்றினார், எறும்பு வந்தது. எறும்பைத் திசைதிருப்பலாம் என்று பாட்டில் கழுத்தில் வெல்லம் தடவினார். மணம் கூடட்டும் என்று நசுக்கிய சிறுமலைப் பழம் நாலு தார், கொஞ்சம் தேன். சின்ன மாற்றம். அதில் இன்னொரு சின்ன மாற்றம். காற்று அந்த மணத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறியது.

மலையிலும் பஞ்சம்தானே? அங்கே பசியோடு உட்கார்ந்திருந்தவை யார்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பிய குடும்பம் தோட்டத்து வாசலில் திகைத்து நின்றது. செடிக்கு ஒரு குரங்கு! சில மல்லாந்து படுத்துக்கொண்டு டியூபை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தன. ஒரு தாய்க் குரங்கு குட்டியை மடியில் போட்டு, பாட்டிலைச் சாய்த்துப் புகட்டிக்கொண்டிருந்தது. பெற்ற வயிற்றுக்காரி யார் பார்த்தாலும் அழுதுவிடுவாள். கிழட்டுக் கடுவன் ஒன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து வந்தது. கல்லெறிந்து விரட்டியபோது ஒரு பாட்டில்கூடப் பல்படாமல் இல்லை; எல்லாம் ஓட்டை.

மூன்றே நாள் வெயில். முந்நூறு செடிகளும் தலை கவிழ்ந்தன.

 சகாயசெல்வி காய் சமைக்கும் வெஞ்சனச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். தகரப் பெட்டியை இறக்கிச் சேலைகளை மடித்து வைத்தாள். "நாளன்னைக்குக் காலையில பஸ்" என்றாள். 

ராயப்பராஜ் பேகம்பூருக்கு சைக்கிளை மிதித்தார். முனீர் பாய் கையை விரித்தார்.

"ஒரு பாட்டில்கூட இல்ல ராயப்பா. உங்க ஊராளுகதான் அள்ளிட்டுப் போயிட்டாங்க. அந்தா... சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். வாய் தவறிருச்சு."

சைக்கிள் திரும்பி வந்த வேகத்தை என்னால் வர்ணிக்க முடியாது. நேராக ஒச்சாயி தோட்டத்துக்குள் நுழைந்து முதல் முக்காட்டைத் தூக்கினார். உள்ளே தொங்கியது பாட்டில். அவருடைய யோசனை! தெளிந்த தண்ணீர். சொட்டு. சொட்டு. கீழே பச்சைப் பசேலென்று மல்லிச் செடி, நுனியெல்லாம் அரும்பு.

ஒச்சாயி குடத்தோடு ஓடி வந்தாள். கருப்பணன் வந்தான். ஊரே வரப்பில் கூடிவிட்டது. யோசனையைத் திருடியதை மன்னிப்பாரா, கையை ஓங்குவாரா என்று எல்லோரும் பார்த்து நிற்க, அவர் பாட்டிலை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அக்கா... இதுல ஒரு மாத்தங்கூடச் செய்யலையா?"

"செய்யலப்பா."

"சின்னதாக்கூட?"

"சின்னதாக்கூட இல்ல. நீ மொதநாளு மாட்டுன மாதிரியே மாட்டுனேன்."

ராயப்பராஜ் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "எதுக்குக்கா என்கிட்ட மறைச்ச?"

"நீ பாத்தா விடுவியா?" என்றான் கருப்பணன்.

 ராயப்பராஜ் யோசித்தார். நேர்மையான மனிதர். "விட மாட்டேன்தான்" என்றார்.

அப்போதுதான் சகாயசெல்வி பெட்டி கட்டிய செய்தி வரப்போடு பரவியது. ஒச்சாயி குடத்தைத் தரையில் வைத்தாள்.

"ஏலே கருப்பணா, இங்க நிக்கிற செடி அம்புட்டும் இவன் புத்தியில பொழச்சுக் கெடக்கு. இவன பஸ் ஏத்தி விட்டுட்டு நாம பூ எடுக்கவா? ஆளுக்குப் பாதிப் பாட்டிலக் கழட்டுங்க. ரெண்டு செடிக்கு ஒரு பாட்டிலு, நாள் விட்டு நாள் மாத்தி மாட்டிக்கிருவோம்."

"அக்கா, அது ஒரு மாத்தம்தானே?" என்றார் ராயப்பராஜ்.

"வாய மூடு."

பொழுது சாய்வதற்குள் முந்நூறு செடிகளுக்கும் இரண்டுக்கு ஒன்றாகப் பாட்டில் மாட்டியாயிற்று. வெறும் தண்ணீர். ஊர் கூடி ஒரு நிபந்தனையும் போட்டது: தோட்டத்தின் ஈசானி மூலையில் உள்ள ஒரே ஒரு செடி ராயப்பராஜுக்கு. என்ன மாற்றம் வேண்டுமானாலும் அதற்குச் செய்துகொள்ளலாம். மற்றவற்றைத் தொட்டால் திருப்புளி பறிமுதல். மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் போய் அதற்கடுத்த நாள், பஸ் புறப்படும் நேரத்தில், சகாயசெல்வி தோட்டத்தில் நின்றிருந்தாள். தலை கவிழ்ந்த செடிகள் பாதிக்கு மேல் நிமிர்ந்திருந்தன. "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றாள், யாரிடமும் சொல்லாதது போல. பார்த்தாள். இலை வந்தது, அரும்பு வந்தது, ஒரு விடியற்காலையில் தோட்டமே வெள்ளையாகிக் கிடந்தது. அள்ளக் கூடை பற்றவில்லை. தகரப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று ஓடிப் போய்ச் சேலைகளை வெளியே எடுத்தாள். ஒரே கூச்சல்.

"பெட்டி பூராவும் ஓட்டை போட்டு வச்சிருக்கீங்களே! இத எப்பப் போட்டீங்க?"

"நீ பெட்டி கட்டுன அன்னைக்கே. சேலைக்குக் காத்துப் போகட்டும்னு. பெட்டியப் பத்தி ஊர்ல யாரும் சத்தியம் வாங்கலையே?"

அவள் அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை நடுவழியில் சிரிப்பாகிவிட்டது. காற்றுப் புகும் அந்தப் பெட்டியில் மல்லிகை வாடாமல் நிலக்கோட்டைச் சந்தைக்குப் போயிற்று. பூக்காரர்கள் எல்லோரும், "எங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு" என்றார்கள். திருப்பூருக்குப் போகவிருந்த பெட்டி நிலக்கோட்டையைத் தவிர வேறு எந்த ஊரையும் பார்க்கவில்லை.

அந்த மூலைச் செடி? அதற்குக் குடை பிடித்தார், ரேடியோ பாட வைத்தார், தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். அத்தனையும் தாங்கிக்கொண்டு அது இன்னும் உயிரோடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரே ஒரு பூ. அதைச் சகாயசெல்வி தலையில் வைத்துக்கொள்கிறாள்.

இத்தகைய பிராணி உங்கள் வீட்டிலும் இருக்கலாம், வாசகர்களே, திருப்புளியை ஒளித்துவையுங்கள். மற்றபடி, நீங்கள் அந்த இனமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரே ஒரு சந்தேகம். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "எல்லாம் சரிதான். குரங்குக்குப் பதிலாகக் கரடியைப் போட்டிருந்தால்...", "முனீர் பாய் நாலு பாட்டிலை ஒளித்து வைத்திருந்து கொடுத்திருந்தால்...", "சகாயசெல்வி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு செடி பூத்திருந்தால்..." என்று எங்காவது ஓரிடத்தில் உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியதா? அப்படியானால் ஈசானி மூலைக்குப் போங்கள். தோட்டத்தில் வேறு எதையும் தொடாதீர்கள்.