இதெல்லாம் ஒரு குளிரா?

குளிருக்குப் பயப்படுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் குளிரைப் பாட்டன் சொத்துபோல வைத்துக்கொண்டு, அதில் வேறு யாரும் பங்கு கேட்டுவிடக் கூடாதே என்று காவல் காக்கிற இனம் ஒன்றும் இருக்கிறது. பார்க்க ஆசையா? வடகோடியில் இருக்கும் எங்கள் யாகூத்ஸ்க்குக்கு ஜனவரியில் வாருங்கள். தேடி அலைய வேண்டாம். எதிரே வருவது மாமனாரா மின்கம்பமா என்று தெரியாத மூடுபனியில், மூச்சு விடலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நீங்கள் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, ரோமத் தொப்பியின் காதுமடல்களை உச்சியில் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு, பழுத்த தக்காளி நிறக் காதுகளோடு ஒருவர் தானாகவே பக்கத்தில் வந்து நிற்பார். "இன்னிக்கு ஐம்பதாமே!" என்று வாயைத் திறந்தீர்களோ, தொலைந்தீர்கள். (பூஜ்யத்துக்குக் கீழே என்று இங்கே யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஜனவரியில் மேலே போக அதற்கு ஏது வழி?)

"இதெல்லாம் ஒரு குளிரா?" என்பார்.

அவ்வளவுதான். உங்கள் பேருந்து வரும், போகும். அவர் கதை முடியாது.

இந்த இனத்தின் முதல்தரச் சரக்கு எங்கள் ப்ரகோப்பி. பிறந்தது ஒய்மியாகோன் பக்கம். நாட்டிலேயே பெரிய குளிர் தன் ஊர்க் குளிர்தான் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி, லாரி ஓட்டும் கவ்ரீல். அவர் வெர்கயான்ஸ்க்காரர். அந்த ஊர்க்காரர்களும் அதே பட்டத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். விறகுக்கட்டை மாதிரி உறைந்த மீன்கள் நட்டுக்குத்தலாக நிற்கும் சந்தையில் இருவரும் சந்தித்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

"எங்க ஊர்ல துப்பினா கீழ விழறதுக்குள்ள கல்லாயிடும்."

"எங்க ஊர்ல எங்கய்யா துப்புறது? வாய்க்குள்ளயே கல்லாயிடும்!"

"ரெண்டு பேரும் அந்தாண்ட போய்த் துப்புங்க சாமிகளா" என்பாள் மீன்காரி.

ஜூலையில் வெயில் முப்பதைத் தாண்டி, கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகும் நாளிலும் ப்ரகோப்பி, சட்டையில்லாமல் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, ஜனவரியைப் பற்றித்தான் பேசுவார். தூர விஷயத்திலும் அதே பெருமைதான். ஒருநாள் முழுக்க வண்டி ஓட்டிச் சேரும் ஊர் அவருக்குப் பக்கத்து ஊர். அதற்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் கொல்லைப்புறம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகன் யார் தெரியுமா? கருங்கடல் ஓரத்துப் பையன். கிளெப் என்று பெயர். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே பிறந்து, பனியைக் கண்டால் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறவன். மகள் துயாராவை இவன் தெற்கே கூட்டிக்கொண்டு போய்விடுவானோ என்று ப்ரகோப்பிக்கு உள்ளூர ஒரே பயம். அதை வெளியே சொல்வாரா? அவன் தும்மினால்கூட, "இதெல்லாம் ஒரு குளிரா?" என்பார்.

கல்யாணப் பதிவு லேனா ஆற்றுக்கு அக்கரையில், ப்ரகோப்பியின் மனைவி அக்சீன்யாவின் ஊரில். ஆற்றுக்குப் பாலம் கிடையாது. குளிர்காலத்தில் ஆறுதான் ரோடு. பதிவு செய்யும் அம்மாள் மதியம் வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்பதால், காலையிலேயே நால்வரும் ப்ரகோப்பியின் பழைய வேனில் பனிக்கட்டிமேல் போய்க்கொண்டிருந்தார்கள். மணப்பெண் வெள்ளை கவுனுக்கு மேல் ரோமக் கோட்டு. மாப்பிள்ளை மூக்குவரை கம்பளி.

நடு ஆற்றில் ப்ரகோப்பி வண்டியை ஓரம் கட்டினார். ஆற்றைக் கடக்கும் புது ஆள், ஆற்றுக்கு அப்பம் படைக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் கை சாவிக்குப் போனது.

"மாமா, இஞ்சினை அணைக்காதீங்க. இங்க யாரும் அணைக்க மாட்டாங்களாமே?"

"யார் சொன்னா? கவ்ரீலா? இதெல்லாம் ஒரு குளிரா மாப்ளே? எங்க ஊர்ல இதுக்கு ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்குவோம்!" அணைத்தே விட்டார். சொந்த வீட்டு வாசலில் அதே வேனுக்கு மெத்தை போர்த்தி, விடிய விடிய இஞ்சினை ஓடவிட்டு, இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறவர்!

"ஏங்க, போறது கல்யாணத்துக்கு. வித்தை காட்டறதுக்கு இல்ல" என்றாள் அக்சீன்யா.

கேட்டால்தானே? மாப்பிள்ளையை அப்பம் வைக்கச் செய்தார். போதாதென்று உறைந்த மீனொன்றை எடுத்து, கத்தியால் சுருள் சுருளாகச் சீவி, உப்பும் மிளகும் தொட்டு மாப்பிள்ளைக்கு ஊட்டினார். பிறகு சின்ன வயதில் பள்ளிக்கு நடந்த கதை. அந்தக் கதையில் ஓநாயும் உண்டு. ஓநாய்க்கும் குளிர் தாங்கவில்லை.

திரும்பி வந்து சாவியைத் திருகினார். வேன் ஒரு முனகல் முனகியது. இன்னொரு தடவை. முனகலும் இல்லை. கைபேசியைத் தட்டினார்கள். அதுவும் உறைந்து உயிரை விட்டிருந்தது.

"அப்பா, அந்தம்மா கிளம்பிடுவாங்கப்பா" என்றாள் துயாரா. அழுகை வந்தது அவளுக்கு.

மூடுபனிக்குள்ளிருந்து லாரி ஒன்று வந்து நின்றது. வேறு யார் வருவார்கள்? கவ்ரீலேதான்.

பெண்களையும் மாப்பிள்ளையையும் மளமளவென்று ஏற்றிக்கொண்டவர், ப்ரகோப்பி படியில் கால் வைத்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ இருய்யா. குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் ஏறு."

"வண்டியை எடுய்யா, நேரமாச்சு."

"சொல்லாட்டி நீ ஆத்தோட பேசிக்கிட்டு இரு. கல்யாணத்தை நாங்க நடத்திக்கறோம்."

ப்ரகோப்பி மேலே பார்த்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத கண்ணின் இமைமுடியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது.

"குளிருது" என்றார்.

"என்ன? கேக்கலை!"

"குளிருதுய்யா! குளிருது, குளிருது! போதுமா?" கத்திய பிறகுதான் கவனித்தார். கவ்ரீலுக்கு ஏன் கேட்கவில்லை? தொப்பியின் காதுமடல்களை இறக்கி, தாடைக்குக் கீழே முடிச்சும் போட்டிருந்தார், சூடான லாரிக்குள்!

"அடப்பாவி! காதை மூடிக்கிட்டா வந்திருக்கே? வெர்கயான்ஸ்க்காரனா நீ?"

"அது... என் பொண்டாட்டி கட்டிவிட்டா. ஏறு, ஏறு, நேரமாச்சு!"

அந்த அம்மாள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணம் நடந்தது. வழக்கம்போல மூடாமல் விட்ட ப்ரகோப்பியின் காதுகள் பன் மாதிரி உப்பிவிட்டதால், அக்சீன்யா வாத்துக் கொழுப்பைத் தடவித் தன் கம்பளிச் சால்வையால் கட்டிவிட்டாள். கல்யாணப் படம் எல்லாவற்றிலும் பெண்ணின் அப்பா பல்வலிக்காரராகத்தான் இருக்கிறார்.

விருந்தில் கிளெப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, எனக்கு இங்கயே வேலை கிடைச்சிருச்சு. அடுத்த வருஷமும் இதே ஆத்தைச் சேர்ந்துதான் கடக்கறோம். ஆனா சாவி என் கையில இருக்கும்."

ப்ரகோப்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளையின் தோளை இறுக்கிப் பிடித்தார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தேடினார். சால்வைக்குள்ளிருந்து வந்தது:

"இன்னிக்கு ஆத்துல அடிச்சதெல்லாம் ஒரு குளிரா மாப்ளே?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மே மாதம் உங்கள் வேலூர் வீட்டுக்கு வந்த பெங்களூர் விருந்தாளி, "அப்பப்பா, என்ன வெயில்!" என்று நெற்றியைத் துடைத்தாரே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? சொன்னதோடு விட்டீர்களா, எழுந்துபோய் மின்விசிறியை வேறு அணைத்துக் காட்டினீர்களா? சும்மாதான் கேட்கிறேன். திரும்பப் போடும்போது கரண்ட் போயிருந்தால், எதிர்வீட்டு ஜெனரேட்டர்காரரிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை இப்போதே கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.