குதிகாலுக்குப் பட்டி பார்த்த பெரிய வியாழன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருசம் யோசித்தேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் நோட்டை எடுப்பேன், பேனாவைத் திறப்பேன், அப்புறம் என் வலது காலைப் பார்ப்பேன், நோட்டை மூடிவிடுவேன். நான் எட்டாவதோடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அப்போது எங்கள் பங்குச் சாமியாராக இருந்தவரும் இதில் என்னோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறார். அவர் இப்போது வேறு பங்கில் இருக்கிறார். போன மாதம் போனில் கூச்சத்தோடு அனுமதி கேட்டேன். "எழுதுப்பா, நான் வருசாவருசம் பிரசங்கத்துல சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார். அதற்கப்புறம் நான் மட்டும் எதற்கு ஒளிக்க?

திரேஸ்புரத்தில் எனக்கு ஃபைபர் வள்ளம் பழுதுபார்க்கிற வேலை. விரிசல் விழுந்த வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, விரிசலைச் சுரண்டி, பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கித் தருவோம். பட்டி என்பது குழைத்த மாவு மாதிரி இருக்கும். ஹார்டனர் என்ற மருந்தை அளவாகக் கலந்தால்தான் இறுகும். கூடிப்போனால் கை பொசுங்கும் அளவுக்குச் சூடேறும். குறைந்துபோனால் நாள் கணக்கில் பிசுபிசு என்றே கிடக்கும். (இந்தக் கதைக்கு இவ்வளவு தொழில் தெரிந்தால் போதும்.)

என் வீட்டுக்காரி புஷ்பத்தின் அண்ணன் சூசை மச்சானும் நானும் அப்போது ஒரே பட்டறை. ஒருநாள் மச்சான் வைத்த பட்டி மறுநாள் காலையிலும் இறுகவில்லை. ஹார்டனர் குறைந்துவிட்டது, அவ்வளவுதான், யாருக்கும் வரக்கூடியது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். பத்து ஆள் முன்னால், "ஹார்டனர் அளவு தெரியாதவங்க ஆப்பத்துக்கு மாவு கரைக்கப் போகலாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் கையிலிருந்த, பட்டி இழுக்கும் தகட்டைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே போனார். அடுத்த வாரம் வேறு பட்டறையில் சேர்ந்துகொண்டார். என்னோடு பேச்சை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். ரெண்டு வருசம்.

அந்த ரெண்டு வருசமும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனேன், நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கினேன், பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில் மச்சான் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கமும் கும்பிட்டேன். என்ன பக்தி பாருங்கள்.

இதில் அடிபட்டது எங்கள் மகள் ஜெனிபா. மச்சான் அவளுக்குத் தாய்மாமன் மட்டுமில்லை, ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய ஞானத்தகப்பன். அந்த வருசம் உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நன்மை வாங்கும் நாள். எங்கள் பங்கில் புதுநன்மை வாங்கும் பிள்ளையை ஞானத்தகப்பன்தான் கைபிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப் போவார்.

"மாமா வருவாங்களாப்பா?"

"வரலேன்னா கோயில் உபதேசியார் கூட்டிட்டுப் போவாரு."

மூன்று தடவை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் எனக்கு உறுத்தியது. ஆனாலும் நான் ஏன் முதலில் பேசவேண்டும்?

இப்படி இருக்கையில் பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக நடக்கும் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்பியம் என்ற தெருக்குழு ஒவ்வொன்றுக்கும் ஒருவர். எங்கள் அன்பியத்துக்கு நான். பெயர் வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தவன்தான், வீடு வந்தும் குனியவில்லை.

"அண்ணனும் உண்டாம்" என்றாள் புஷ்பம், மீன் கழுவிக்கொண்டே. "நீங்க பதினோராவது நாற்காலி. அண்ணன் பன்னிரண்டு."

கடைசி நாற்காலியை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யூதாஸ் நாற்காலி என்பார்கள். எனக்கு அப்படியொரு திருப்தி. (அந்த நாற்காலி வரிசையை உண்டாக்கியதே புஷ்பம்தான், சாமியாரிடம் போய் அழுதிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.)

ஒரே ஒரு கவலை, என் கால். உப்புத் தண்ணீரிலும் மருந்திலும் நின்று நின்று குதிகால் ரெண்டும் வெடித்து, சில வெடிப்பில் பிள்ளையின் கலர் பென்சில் நிற்கும். சாமியார் அதைத் தொட்டுக் கழுவி முத்தமிடவேண்டும். சபை முழுக்கப் பார்க்கும். முக்கியமாக, பக்கத்து நாற்காலி பார்க்கும்.

"வெளக்கெண்ணெயும் மஞ்சளும் ஒரு வாரம் போடுங்க, சரியாயிரும்" என்றாள் புஷ்பம்.

"ஏளா, ஊர்ல உள்ள விரிசலையெல்லாம் அடைக்கிறவன் நான். எனக்கு நீ சொல்லித் தாறியா?"

ஒரு வாரமும் ஒன்றும் போடவில்லை. வியாழன் மத்தியானம் பட்டறை அரைநாளோடு முடிந்தது. எல்லாரும் போனதும் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். வலது காலைத் தூக்கித் தொடைமேல் போட்டேன். சாமியார் கழுவுவது வலது கால் மட்டும்தான். அதனால் இடது காலுக்கு வீண்செலவு வேண்டாம் என்று தீர்மானித்தேன். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். பட்டி குழைத்தேன். ஹார்டனரைச் சாய்க்கும்போதுதான் சூடு ஞாபகம் வந்தது. வள்ளத்துக்கு வலிக்காது, எனக்கு வலிக்குமே? ரெண்டு சொட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

தகட்டால் அடைத்து இழுத்துவிட்டேன். அடடா, என் ஆயுளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. பிசுபிசுப்பு இருந்தது. வீட்டுக்கு வந்து பிள்ளையின் முகப்பவுடரை அள்ளி அப்பினேன். குதிகால் வெள்ளையாக, வழவழவென்று, பிறந்த பிள்ளை பாதம் மாதிரி இருந்தது.

"என்னத்தப் போட்டிய?" என்றாள் புஷ்பம், மோந்து பார்த்து.

"தைலம்."

ஆறு மணிக்குப் பூசை. பன்னிரண்டு பேரும் வெள்ளை வேட்டியில் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம். மச்சான் எனக்கு வலப்பக்கம், ஒரு முழத் தூரத்தில். அவர் தேர்ச் சிற்பம் மாதிரி அசையாமல் நேராகப் பார்த்தார். நான் அவருடைய குதிகாலை ஓரக்கண்ணால் பார்த்தேன். வெடிப்பு வெடிப்பாக இருந்தது. மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சாமியார் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் நீளமான வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவர் முன்னும் முட்டிபோட்டு, தண்ணீர் ஊற்றி, தொங்கும் துண்டின் நுனியால் துடைத்து, முத்தமிட்டார். பாடகர் குழு உருக்கமாகப் பாடியது. பத்தாவது ஆள் அழுதே விட்டார். என் முறை வந்தது. காலை நீட்டினேன், ஒரு கண்காட்சிப் பொருளை நீட்டுவது மாதிரி.

தண்ணீர் விழுந்ததும் பவுடர் கரைந்து தாம்பாளத்தில் பால் மாதிரி ஓடியது. சாமியார் ஒரு கணம் பார்த்தார். துண்டால் குதிகாலைச் சேர்த்துப் பிடித்துத் துடைத்தார். முத்தமிட்டார். அடுத்த ஆளுக்காக எழுந்தார்.

என் காலும் எழுந்தது.

சாமியார் துண்டை இழுத்தார். நாற்காலி ஒரு சாண் முன்னால் வந்தது, நானும் வந்தேன். மறுபடி இழுத்தார். வேட்டியைப் பிடிப்பதா நாற்காலியைப் பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வேட்டியைப் பிடித்தேன். பாட்டு முடிந்துவிட்டது. பாடகர் குழு எங்களைப் பார்த்துவிட்டு முதல் அடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

"என்னப்பா இது?" என்று சாமியார் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவர் சட்டைக் காலரில் மைக் இருந்தது. கோயில் முழுக்கக் கேட்டது.

ஆண்டவரே, இந்த நிமிசமே என்னை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டினேன். அவர் எடுக்கவில்லை.

அப்போது பன்னிரண்டாவது நாற்காலி கிறீச்சிட்டது. மச்சான் எழுந்து வந்து என் முன்னால் முட்டிபோட்டார். குதிகாலைக் கையில் ஏந்தி, பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, மோந்தார்.

"ஏல மாப்ள, ஹார்டனர் போடலியா?"

ரெண்டு வருசத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. மைக்கில்.

"கொஞ்சம் போட்டேன் மச்சான்."

"கொஞ்சமா."

பட்டறை ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முதலில் சிரிப்பு கிளம்பியது. அப்புறம் பெண்கள் பக்கம். உபதேசியார் "அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொண்டே தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. "சாமி, துண்ட அவுத்துருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சாமியார் அவிழ்த்துக் கொடுத்தார். மச்சான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, நகத்தால், தோல் கிழியாமல், துண்டைப் பிரித்தெடுத்தார். பாட்டு மூன்றாம் சுற்று ஓடியது. குனிந்திருந்த அவர் தலையில் நரை கூடியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இந்த ரெண்டு வருசத்தில் வந்த நரை. எனக்குச் சிரிப்பும் போச்சு, வெட்கமும் போச்சு.

"மன்னிச்சிருங்க மச்சான்" என்றேன். அதுவும் மைக்கில் கேட்டதாம்.

"கால ஆட்டாத" என்றார்.

பிரித்த துண்டு என் மடியில் கிடந்தது. மச்சான் தன் நாற்காலிக்குப் போனார். சாமியார் அவர் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் துடைக்கத் துண்டைத் தேடினார். கோயிலில் அப்போதைக்கு இருந்த ஒரே துண்டு அதுதான். சாமியார் என்னைப் பார்த்தார். நான் கீழே இறங்கி, பட்டி ஒட்டாத பக்கமாகப் பார்த்து, மச்சான் காலைத் துடைத்தேன். அவர் குதிகால் என்னுடையதைப் போலவேதான் இருந்தது. அதே உப்பு, அதே மருந்து. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மச்சான் என் தோளில் கை போட்டார். "அப்போ ஆப்பத்துக்கு மாவு கரைக்க ரெண்டு பேருமா போவோமா மாப்ள?"

அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, வெள்ளைக் கவுனில் ஜெனிபா ஞானத்தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு நடந்தாள். பாதி வழியில் திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். காலைத்தான் பார்த்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் புஷ்பம், "கொஞ்சம் போட்டேன் மச்சான்" என்பாள். கோயிலில் சமாதானம் சொல்லும் நேரத்தில் மச்சான் கையைக் கொடுத்துவிட்டு, ஒட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்ப்பார். பட்டறையில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் பாடம் என் குதிகால்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை நீங்கள் நாலு பேரிடம் சொல்லவேண்டும், ஆனால் உள்ளபடி சொல்லவேண்டும். இழுத்தது ரெண்டே தடவை. நான் தாம்பாளத்தில் விழுந்தேன் என்று புதுக்கோட்டைப் பக்கம் சொல்லுகிறார்களாம், விழவில்லை. வேட்டி அவிழவும் இல்லை. அதையெல்லாம் சேர்க்கிறவர்கள் கடைசி நாற்காலிக்காரர் எழுந்து வந்து முட்டிபோட்டதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். என் காலைச் சுருக்கமாகச் சொன்னாலும் பரவாயில்லை. அதை விட்டுவிடாதீர்கள்.