ஐந்தா ஆறா என்று எலுமிச்சம்பழத்தைக் கேட்டவர்கள்

புத்தூர் எதிராஜ் தன் காரின் கியர் பெட்டியை உடைத்தது பந்தயத்தில் அல்ல, பூசையில்.

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பதினொரு வருடம் வெல்டிங் அடித்துச் சேர்த்ததில் வாங்கி, கப்பலேற்றிக் கொண்டுவந்த ஜப்பான் கார் அது. இரட்டை டர்போ. முன்னூறு குதிரைச் சக்தி. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். திருப்பதியில் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூன்று நசுங்கின. நாலாவது உருண்டு தப்பித்தது.

"நாலும் நசுங்கணும். இல்லன்னா தோஷம்" என்றார் பூசாரி.

எதிராஜ் பழத்தைத் துரத்தினான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே முன்னால், பின்னால், முன்னால், பின்னால். ஆறாவது தடவை வண்டிக்கு அடியில் 'டமார்' என்றது. கார் நின்றுவிட்டது. பழத்துக்கு ஒரு கீறல் இல்லை. கூடியிருந்தவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சித்தூரில் லாரிகளுக்குப் பல்சக்கரம் வெட்டும் பட்டறை வைத்திருந்த தாட்சாயணிதான் பெட்டியைக் கழற்றினாள். உள்ளே இருந்ததை ஒரு பக்கெட்டில் அள்ளி எதிராஜின் கையில் கொடுத்தாள்.

"இது தேறாது, எதிராஜு. கையால மாத்தற கியரு பெட்டிய மாட்டிக்க."

வீட்டில் மனைவி பத்மினி தீர்ப்பு வழங்கினாள். "ஒரே ஒரு பெட்டி. அதுவும் உடைஞ்சா கார வித்துட்டு டிராக்டரு வாங்கறோம். சிங்கப்பூர்ல இருந்து நீ வந்ததே போதும், உன் காரு வேற எதுக்கு?"

சொன்னால் செய்கிறவள். எதிராஜுக்குத் தூக்கம் போயிற்று.

கிடைத்தவை இரண்டு. சென்னையிலிருந்து வந்த ஆறு கியர் பெட்டி ஒன்று. ரேணிகுண்டா சாலைக் கடையொன்றில் கிடந்த ஐந்து கியர் பெட்டி ஒன்று. ஐந்தா, ஆறா? மெக்கானிக்கைக் கேட்டான். "உங்க இஷ்டம் சார்." டாக்சிக்காரனைக் கேட்டான். "ரெண்டும் மஞ்சிதே, நல்லதே அண்ணா." மச்சான் முனிசாமியைக் கேட்டான். "எல்லாம் ஓட்டறவன் கையில இருக்குது மாமா. எதுக்கும் கியர் சாமிய பாத்துட்டு வந்துடலாம்."

அந்தக் காலத்தில் நாட்டில் ஓடியது இரண்டு மூன்று வகைக் கார். யோசிக்க ஒன்றுமில்லை. சந்தையைத் திறந்துவிட்டதும் நூறு வகை வந்தது. யோசிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. அதிலிருந்து நம்மைக் காப்பாற்றத்தான் கியர் சாமி அவதாரம் எடுத்தார்.

அவதாரத்துக்கு முன் அவர் பெயர் கோவர்த்தனன். பழைய உதிரிபாக வியாபாரி; ரேணிகுண்டா சாலையில் கிடந்த அந்த ஐந்து கியர் பெட்டியும் அவர் கடைச் சரக்குதான். இப்போது காவி வேட்டி, கழுத்தில் ஸ்பார்க் பிளக் மாலை. வாசலில் ஏர்பேட்டு டிராக்டர்கள், குப்பத்துக் கிரானைட் லாரிகள், மாப்பிள்ளைக்குப் பைக் நிறம் கேட்க வந்த ஒரு குடும்பம். முறை எளிமையானது. மரமேசையின் இரு பக்கமும் இரண்டு பெட்டிகள், நடுவில் எலுமிச்சம்பழம். மந்திரம் சொன்னதும் பழம் தானே உருண்டு போய் உகந்த பெட்டியருகே நிற்கும். அடுத்தவன் கடைச் சரக்கை அது இதுவரை ஒருமுறையும் தேர்ந்தெடுத்ததில்லை. அவ்வளவு விசுவாசமான தெய்வம்.

ஆறு கியர் பெட்டியை வேனில் ஏற்றி வந்த தாட்சாயணி, சாமியின் ஐந்தைத் திறந்து பார்க்க ஸ்பானரை எடுத்தாள்.

"தொறந்தா சக்தி போயிடும்மா!" என்று அலறினார் சாமி.

"சரி சாமி, தொறக்கல. மூடியே வைக்கலாம். ரெண்டுக்கும் கோணிய போத்திடறேன். தெய்வத்துக்குக் கண்ணு மறைக்குமா இன்னா?"

கூட்டத்துக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. "மறைக்காது, மறைக்காது!" சாமியால் பின்வாங்க முடியவில்லை.

"என் பெட்டி தெற்கால இருக்கணும். அது சாஸ்திரம்."

"ஆவட்டும் சாமி."

அவளும் முனிசாமியும் பெட்டிகளைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய், கோணி போர்த்திய இரண்டு பாரங்களை மூச்சுவாங்கச் சுமந்து வந்து வைத்தார்கள். சாமி கண்ணை மூடினார். பழம் சிலிர்த்தது. நகர்ந்தது. தெற்கே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"கோவிந்தா!" என்றது கூட்டம். எதிராஜ் எல்லாரையும்விடச் சத்தமாக.

"அஞ்சு! பஞ்சபூதம்! இதுதான் உன் எஞ்சினோட ஜோடி!" என்றார் சாமி.

தாட்சாயணி தெற்குக் கோணியை உருவினாள். உள்ளே, சாமியின் அன்னதானக் கூடத்தில் சட்னி அரைக்கும் அம்மிக்கல். குழவியோடு.

கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது.

"அம்மி... அம்மின்னா பராசக்தி" என்று தொடங்கினார் சாமி.

"முன்னூறு குதிரைக்கு அம்மிய மாட்டிக்கினு நான் சட்னி அரைக்கறதா?" என்றான் எதிராஜ். வாழ்க்கையில் அவன் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

அதற்குள் தாட்சாயணி பழத்தை அறுத்திருந்தாள். உள்ளே ஒரு சைக்கிள் பேரிங் குண்டு. மேசைக்கு அடியில் குனிந்த முனிசாமி கத்தினான். "மாமா! சாமி கால்ல ஸ்பீக்கர் காந்தத்த கட்டி வச்சிக்கினு கீறாரு!"

குப்பத்து லாரிக்காரர் தலையில் கை வைத்தார். "அப்போ போன மாசம் என் லாரிக்கு மாட்டனது?" பைக் குடும்பத்துப் பெரியவர் மட்டும் தளரவில்லை. "காந்தத்துக்கும் ஒரு சக்தி இருக்குதில்ல?" சாமி மாலையைப் பிடித்துக்கொண்டு பின்பக்க வேலியைத் தாண்டினார். அவர் கியர் மாற்றிய வேகத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

தாட்சாயணி இரண்டு பெட்டிகளையும் திறந்தாள். ஒவ்வொரு பல்லாக வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தாள். நிமிர்ந்து பார்த்தால், கூட்டம் அவளைச் சுற்றிக் கைகூப்பி நிற்கிறது. "தாட்சாயணம்மா! எங்க டிராக்டருக்கும் ஒரு வார்த்த!" முன்வரிசையில் எதிராஜ்.

"அக்கா, நீயாச்சும் சொல்லு. அஞ்சா, ஆறா?"

"ஆறு. அந்த அஞ்சு, டர்போ இல்லாத காருக்குச் செஞ்சது, பல்லு மெலிசு. உன் எஞ்சினு ஒரே வாரத்துல அத்த பொடியாக்கிடும். ஆறு தாங்கும்." வெர்னியரை அவன் கூப்பிய கைகளுக்கு நடுவில் செருகினாள். "கும்புடறத நிறுத்து. என்னையும் நம்பாத. இந்தா, நீயே அளந்து பாரு."