எண்ணெய்க்கு முறை வைத்த சங்கம்

எண்ணெய்க்கு முறை வைத்துப் பாய்ச்சிய பெருமை உலகில் ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் உண்டு. ஜெர்மானியருக்கும் ஜப்பானியருக்கும் எட்டாத அந்த யோசனை, 2006-ஆம் ஆண்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வாய்க்கால் விவசாயிகள் சங்கத் தலைவர் சுந்தரலிங்கத்துக்கு, இரண்டாவது இட்லிக்கும் மூன்றாவது இட்லிக்கும் நடுவே எட்டியது.

சுந்தரலிங்கம் தலைமடைக்காரர். வாய்க்கால் தண்ணீர் முதலில் அவர் வயலில் கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகரும். கொஞ்ச காலமாக நகர்வதும் இல்லை. அவர் வயலுக்குக் கீழே வாய்க்கால் ஷட்டரை இறக்கிப் பூட்டியிருந்தார்கள். பூட்டுக்குச் சங்கச் செலவில் சிவப்புப் பெயின்ட். கடைமடைக்காரர்கள் வந்து கேட்டால் தலைவர் கண்கலங்குவார்.

"சாவி தேனி ஆபீஸ்ல இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

அந்தச் சாவிக்காக அடிக்கடி தேனிக்குப் போய்ப் "போராட" வேண்டியிருந்ததால் சங்கம் ஒரு பழைய டீசல் கார் வாங்கியது. கார் போராட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ராயப்பன்பட்டி மெக்கானிக் பங்கிராஸ், இஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போ ஒன்றை அதற்குப் பொருத்தினான். பொருத்தியவன், தலைவர் பார்க்கும்படி பானெட்டைத் திறந்து விளக்கமும் சொன்னான். வினை அங்கே தொடங்கியது.

"இந்தக் குழாய் எதுக்குடா?"

"டர்போக்குள்ள சுத்துற எண்ணெய் இது வழியா கீழ எறங்கி, ஆயில் சேம்பருக்குத் திரும்பிப் போயிரும்ணே."

"யாரு தள்ளிவிடுறா?"

"யாரும் தள்ள வேண்டியதில்ல. சரிவுல தானா எறங்கும்."

தலைவர் முகம் கறுத்தது. தன் பார்வையிலேயே ஒன்று, கேட்பாரற்றுக் கீழே இறங்கிப் போகிறது! "அம்புட்டும் கீழ போயிருமா? போறத நிப்பாட்டாம விடுறதுக்குப் பேரு நிர்வாகமா? ஏலே, நாங்க பரம்பரையா மடை பாக்குறவுக."

மறுநாள் காலை இட்லித் தட்டிலிருந்தே அவசரக் கூட்டம் கூட்டினார். பள்ளத்தாக்கின் நீர்ப்பாசன அனுபவம் முழுவதும் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தது. எண்ணெய் முதலில் மேட்டுக்குப் போகவேண்டும். மிச்சம் இருந்தால் பள்ளத்துக்கு. ஆகவே குழாய் மேலேறி, பேட்டரியை வலம் வந்து, பிறகு இறங்கலாம். இறங்கும் இடத்தில், சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடுகிற வால்வு ஒன்று. வால்வுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு பூட்டு. எண்ணெய்க்கு எப்போது "முறை" வருகிறது என்பதைத் தலைவர் முடிவு செய்வார்.

பங்கிராஸ் தலையில் அடித்துக்கொண்டான். "மீட்டிங் போட்டா எண்ணெய் மேட்டுல ஏறுமாண்ணே? இஞ்சின் செத்துரும்."

அவனை அங்கேயே தொழில்நுட்பத் துணைக் குழுவின் உறுப்பினராக நியமித்தார்கள். கூட்டத்தில் நாற்காலியும் உண்டு, வடையும் உண்டு. அதன்பிறகு அவனுக்கு அறிவியல் ஐயம் எதுவும் எழவில்லை. குழாயை அவனே வளைத்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை, தேனி கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள். பங்கிராஸ் காரை ஓட்ட, தலைவர் முன் இருக்கையில் அமர்ந்தார். பின் இருக்கையில் பாண்டியம்மாள். கடைமடைக்காரி, குச்சனூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் நிலம். பயிர் கதிர் பொதிந்து நிற்கிறது. இந்த வாரம் ஒரு தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர். கலெக்டரிடம் காட்டுவதற்காகக் காய்ந்த பயிரை ஒரு பிடி பிடுங்கி மடியில் வைத்திருந்தாள்.

"இன்னிக்காவது சாவிய வாங்கித் தந்துருவீகளாண்ணே?"

"உயிரக் குடுத்தாவது வாங்கிருவேன்மா."

சின்னமனூர் தாண்டியதும் பின்னால் நீலப் புகை கிளம்பியது. வளர்ச்சி என்றால் புகை வரத்தான் செய்யும் என்றார் தலைவர். வீரபாண்டியை நெருங்கும்போது யாரும் மிதிக்காமலேயே இஞ்சின் உறுமத் தொடங்கியது. பங்கிராஸ் பிரேக்கை மிதித்து, கியரைக் கழற்றி, ஓரம் கட்டி, சாவியைத் திருப்பிப் பிடுங்கினான். இஞ்சின் இன்னும் பலமாகக் கத்தியது. மூவரும் குதித்து இறங்க, பங்கிராஸ் பானெட்டைத் திறந்தான்.

"சாவிய எடுத்தப்புறம் எப்படிடா ஓடுது?"

"கீழ போகவிடாம கட்டி வச்ச எண்ணெய் பொங்கி இஞ்சினுக்குள்ள வழிஞ்சிருச்சுண்ணே. இப்ப டீசலே வேணாம், அதக் குடிச்சே ஓடும். வெடிச்சுத் தொலைக்கப் போகுது! பெட்டிச் சாவிய எடுங்க!"

தலைவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவி வளையத்தை அவிழ்த்து, கிட்டத்தில் நின்ற பாண்டியம்மாள் கையில் வீசினார். "தொறம்மா, சீக்கிரம் தொற!"

பங்கிராஸ், தலைவரின் தோளில் கிடந்த கரைத்துண்டை உருவி, இஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாயில் திணித்தான். பாண்டியம்மாள் சின்னச் சாவியால் பெட்டியைத் திறந்து வால்வைத் திருப்பினாள். சங்கத்தின் மானத்தைப் பாதி விழுங்கிவிட்டு, இஞ்சின் ஒரு விக்கலோடு அடங்கியது.

வளையத்தில் இன்னொரு சாவி இருந்தது. பெரியது. தலையில் அதே சிவப்புப் பெயின்ட்.

பாண்டியம்மாள் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். தலைவர் இஞ்சினை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்புறம் கம்பம் போகிற பஸ் வந்தது. அவள் கை காட்டினாள்.

"ஏம்மா, கலெக்டர் ஆபீசு வடக்கால இருக்கு!"

"ஷட்டரு தெக்கதானண்ணே இருக்கு."

காய்ந்த பயிரைக் காரின் மேல் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள். பஸ் நகர்ந்தது. படியில் நின்றபடி, கோபமே இல்லாமல், விசாரிக்கிற குரலில் சொன்னாள்:

"இஞ்சின் கத்துனதும் ஒடனே சாவிய எடுத்துக் குடுத்தீக. இத்தன நாளா நாங்க கத்துனதுதான் பத்தல போலருக்கு."