குளியலறைத் துளை டிஃபெக்டா, இல்லையா?

என் மனைவியோடு பிறந்தவனும் எங்கள் அடுக்குமாடியைக் கட்டிய இன்ஜினியருமான அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். அது உனக்குத் தெரியும் முன்பே மாடி வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது, அதுதான் விஷயம்.

குளியலறைச் சுவரில் காற்றுப் போக ஒரு துளை விட்டாயே, அது நேரே மாடி வீட்டுக் குளியலறைக்குப் போகிறது. அங்கே குடியிருக்கும் பல் டாக்டர் வாய் கொப்பளித்தால் இங்கே கேட்கிறது. போகட்டும் என்றிருந்தேன் (பொய் சொல்வானேன், ஸ்டூல் போட்டு ஏறிக் கேட்டேன்). போன வாரம் சவரம் செய்தபடியே உன் அக்காவிடம், "டாக்டருக்கே பல்லு கோணல், அவர்கிட்ட எவன் வாயைத் திறப்பான்?" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் லிஃப்டில் மனுஷர் உதட்டை இறுக மூடிக்கொண்டு சிரித்தார். வெள்ளிக்கிழமை அவரிடம்தான் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது!

உனக்கு ஃபோன் போட்டால், "அத்தான், காத்து போகுதா?" என்றாய். போகிறது என்றேன். "அப்ப அது டிஃபெக்ட் இல்ல" என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அந்த வார்த்தை என்னைக் குடைகிறது. அகராதியில் பார்த்தேன், 'குறை' என்கிறது. இருக்க வேண்டியது இல்லாவிட்டால் குறை, சரி. காற்றோடு பேச்சும் சேர்ந்து போனால், இருக்கக் கூடாதது கூடுதலாக அல்லவா இருக்கிறது? அதற்கு என்னப்பா பேர்?

உன் அக்காவைக் கேட்டேன். "சாவி வாங்கின அன்னிக்கே இருந்தாத்தான் டிஃபெக்டாம், தம்பி சொல்லியிருக்கான். கல்யாணத்தன்னிக்கு நீங்க நல்லாத்தான் இருந்தீங்க. அதனால நீங்க டிஃபெக்ட் இல்ல, தேய்மானம்" என்கிறாள். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே இந்த வாய்!

டிஃபெக்ட் என்றால் நீ செய்து தர வேண்டிய இலவச ரிப்பேர் இந்த மாதத்தோடு முடிகிறது. பேர் எதுவானாலும் சரி, வெள்ளிக்கு முன் கொத்தனாரை அனுப்பித் துளையை அடை. நீ கட்டும் வீடெல்லாம் நிற்கட்டும், குடியிருப்பவர்கள் ஊமையாக வாய்க்கட்டும்.

ஆசிகளுடன்,
தேய்ந்துவரும் உன் அத்தான்

பின்குறிப்பு: உன் அக்கா காதில் விழாமல் இதைப் படித்துப் பார்க்கலாமென்று குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். முடித்ததும் மேலேயிருந்து டாக்டர் மனைவியின் குரல்: "லெட்டர் பிரமாதம்ணே! ஆனா ஓட்டையை அடைச்சிடாதீங்க, எங்க வீட்ல டிவி ஓடல. அடைக்கலேன்னா வலிக்காம பிடுங்குறேன்னு இவரு சொல்றாரு."

கொத்தனார் வேண்டாம். அது டிஃபெக்டே இல்லை.