மூன்றாவது பல்

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த ஏகாம்பரம், கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தான். தட்டில் ஒட்டிக்கொண்டு நீளநீளமாகப் படர்ந்திருக்க வேண்டிய செல்கள் உருண்டை உருண்டையாக மிதந்துகொண்டிருந்தன.

"ஜெபா, இங்க வந்து பாரும்மா. இதெல்லாம் தூங்குதா?"

ஜெபா குனிந்து பார்த்தாள். "செத்துப்போச்சு அண்ணா," என்றாள்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் நடக்கும் புது மாதிரிப் பயிற்சி அது. பல் டாக்டரையும் இன்ஜினியரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, சிதைந்த தாடைக்குப் புது எலும்பு வளர்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். கட்டடத்துக்குக் கட்டுவது போலத் தாடைக்கு ஒரு சாரம் அச்சடிப்பது இன்ஜினியர் ஏகாம்பரத்தின் வேலை. பல்லுக்குள் இருக்கும் சதையிலிருந்து செல்களை வளர்த்து அதில் ஏற்றுவது பல் டாக்டர் ஜெபாவின் வேலை. ஆனால் முதல் பருவத்தில் வேண்டுமென்றே வேலையை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் ஜெபா சாரத்தைக் கோணல்மாணலாக அச்சடித்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் ஷர்மிளா மேடம் கொடுத்த செல்களுக்குக் காவல் ஏகாம்பரம்; அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது இன்றுதான் முதல் தடவை.

செல்களைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டரின் விசிறி முதல் நாளிலிருந்தே கடகடவென்றது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பத்து வருஷம் மெஷின் பார்த்த கை சும்மா இருக்குமா? நேற்றுத்தான் கதவைத் திறந்துபோட்டு ஒரு ஸ்க்ரூவை முறுக்கியிருந்தான்.

"நான்தான் கொன்னுட்டேன்," என்றான் ஏகாம்பரம்.

"மேடம்கிட்டச் சொல்லிடலாமே?"

"சொன்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்ல கோமளா இருக்கா."

அவன் எஸ்டேட் வேலையை விட்டதற்கே மனைவி கோமளா பட்டாபிராம் அதிரச் சண்டை போட்டவள். அடுத்த மாதம் மேடம் முன்னால் ரெவ்யூ. உயிருள்ள செல்லைக் காட்டாவிட்டால் பயிற்சி அத்தோடு சரி.

"வேற ஒரு பல்லு கெடச்சா திரும்ப வளத்துடலாம். யாருக்கும் தெரியப்போறதில்ல," என்றான்.

மறுநாள் கீழே கிளினிக்கில் யாருக்கோ ஞானப்பல் பிடுங்கினார்கள். ஜெபா அவரிடமே கேட்டு வாங்கி, பாட்டிலில் போட்டு ஓடிவந்தாள். மூடியைத் திறந்ததும் ஏகாம்பரத்துக்குக் கண் எரிந்தது.

"இதுல என்னம்மா ஊத்தின?"

"ஃபார்மலின்." சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்தது. பிடுங்கின பல்லைப் பார்த்தாலே ஃபார்மலினில் போட்டுப் பழகிய கை. பிணத்தைக் கெடாமல் வைக்கிற தண்ணியில் செல் எங்கே பிழைக்கும்?

அடுத்த பல்லுக்கு அவனே போனான். நெமிலிச்சேரி ஆட்டோக்காரர் வேம்புலி, வாயில் கடித்த பஞ்சோடு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் பல்லு உனக்கு இன்னாத்துக்கு நைனா?"

"தாடை எலும்பு வளக்கறதுக்கு அண்ணே."

"எட்த்துக்கோ. வளந்துச்சுன்னா சொல்லு, எனக்கு இன்னும் ரெண்டு பல்லு கம்மியா கீது."

பல் ரத்தமும் எச்சிலுமாக இருந்தது. அழுக்குப் பாகத்தை மெஷினில் மாட்டுகிற இன்ஜினியர் உண்டா? நேராக ஆட்டோகிளேவில் போட்டு, ஆவியில் சுத்தம் செய்து, பளபளவென்று கொண்டுவந்து நீட்டினான்.

வாங்கின ஜெபா கையை உதறினாள். "சுடுது! வேகவச்சுட்டீங்களா?"

"கிருமி போகட்டும்னு..."

"கிருமியும் போச்சு, செல்லும் போச்சு. இட்லி மாதிரி வெந்திருக்கு அண்ணா."

அதன் பிறகு ஒரு ஞானப்பல்லும் வரவில்லை. ரெவ்யூ நெருங்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் ஏகாம்பரம் கொட்டாவி விட்டான். ஜெபா அவன் வாயையே பார்த்தாள்.

"மூடாதீங்க. கீழ, இடது பக்கம். அருமையான பல்லு."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது வலிக்கவே இல்லையேம்மா."

"பிடுங்கினா வலிக்கும்."

வலித்தது. இந்த முறை ஃபார்மலின் பாட்டிலை அவன் ஒளித்துவைத்தான், ஆட்டோகிளேவ் அறையை அவள் பூட்டிவைத்தாள். வீங்கின கன்னத்தோடு வீட்டுக்குப் போனவனைக் கோமளா வாசலிலேயே நிறுத்தினாள்.

"எலும்பு வளக்கப் போறேன்னீங்க. இருக்கறதையும் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க."

ஆனால் செல்கள் வளர்ந்தன. ரெவ்யூ அன்று ஷர்மிளா மேடம் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல ஆரோக்கியமான செல்கள். அடுத்த பருவத்துக்குப் போகலாம். இதுல பாதியை ஃப்ரீஸர்ல சேத்துடுங்க," என்றார்.

சீனியர் கார்த்திகா அவனை ஃப்ரீஸர் அறைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே வரிசை வரிசையாகக் குப்பிகள்.

"பல்லு குடுத்தவர் யாருன்னு எழுதட்டும்?"

"யாரோ ஒரு பேஷண்ட்டு," என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

கார்த்திகா தன் வலது கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "எனக்கு மேல் பல்லு. உங்களுக்குக் கீழயா?"

ஏகாம்பரம் சட்டென்று திரும்பினான். "அப்ப நான் செல்லைக் கொன்ன விஷயம் உங்களுக்கு..."

"நீங்க எங்க கொன்னீங்க? மேடம் குடுக்கும்போதே அது செத்ததுதான். யாராவது நேரா வந்து உண்மையச் சொல்றாங்களான்னு பாக்க வருஷா வருஷம் வைக்கிற பரீட்சை அது," என்று ஃப்ரீஸரை மூடினாள் கார்த்திகா. "இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. அதனாலதான் நம்ம லேபுல பல்லுக்குப் பஞ்சமே வந்ததில்ல."